காடும் காலநிலையும் காக்கும் கொள்கைகள்: விளைவுகளை ஆராயப் புதிதாக வருவோருக்கு

ராஜஸ்தானில் பரத்பூரை ஒட்டியிருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா நீர்ப்பறவைகளுக்குப் பேர்போனது. 1982இல் அங்கே எருமை மேய்ச்சலுக்குத் தடை விதித்தார்கள். தலைமுறை தலைமுறையாக மேய்த்துவந்தவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் பறவைகளின் நலம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வில் தெரியவந்ததோ வேறு. எருமைகள் மேயாத சதுப்பில் நீர்ப்புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கி, நீர்ப்பறவைகளுக்கே அது இடைஞ்சலாகிவிட்டிருந்தது. மேய்ப்பவர்களும் இழந்தார்கள், பறவைகளும் இழந்தன.

நல்ல நோக்கத்தோடு வரும் கொள்கை நல்ல விளைவைத்தான் தரும் என்றோ, வனத்தைச் சுற்றி வேலி போட்டால் ஏழைகள் கெட்டே போவார்கள் என்றோ முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு வருபவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது. இரண்டு பக்கத்து முடிவுகளையும் புரட்டிப்போட்ட ஆய்வுகள் இருக்கின்றன. சரணாலயம், மேய்ச்சல் தடை, மரம் நடும் திட்டம், கார்பன் கிரெடிட், கார்பன் வரி, சூரியமின் பூங்கா என எதை எடுத்துக்கொண்டாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்த வித்தியாசம் யார் தலையில் விழுந்தது? கீழே சொல்லப்போகும் படிகளெல்லாம் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடுவதற்கான வழிகள்தான்.

கொள்கையைக் கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருக்குங்கள்

"காலநிலைக் கொள்கையின் சமூகத் தாக்கம்" என்பது ஆய்வுத் தலைப்பு அல்ல; அது ஒரு நூலக அலமாரியின் பெயர். எந்தச் சட்டம், எந்த விதி, எந்த ஆண்டிலிருந்து, எந்த எல்லைக்குள் என்று நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் சுருக்க வேண்டும்.

ஒரே பெயர் கொண்ட கொள்கை இடத்துக்கு இடம் வேறாக இருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008இல் கார்பன் வரி கொண்டுவந்தபோது, வரும் பணத்தை மற்ற வரிகளைக் குறைத்தும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தொகை கொடுத்தும் மக்களிடமே திருப்பிவிடும்படி அமைத்தது. பிரான்சில் 2018இல் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் மேலங்கிப் போராட்டம் வெடித்தது. அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. இரண்டும் கார்பனுக்கு விலை வைக்கும் கொள்கைகள்தாம். வசூலான பணம் எங்கே போகிறது, காரை விட்டால் வேறு வழியில்லாதவர் யார் என்பவை வேறு. ஆகவே கொள்கையின் பெயரை விட்டுவிட்டு, அதன் இயக்கத்தை ஆராயுங்கள்.

இயக்கத்தைப் பிடிக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு தாளில் மேலே சட்டத்தை எழுதுங்கள். அதன் கீழே அதற்கான விதிகள், பிறகு அரசாணை, பிறகு துறைச் சுற்றறிக்கை, பிறகு அதைக் கையில் வைத்திருக்கும் அலுவலர், கடைசியில் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர், அவருக்கு எதிரே விறகுக்கட்டோடு நிற்கும் ஆள். ஒவ்வொரு படியிலும் என்ன மாறுகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். சட்டத்தில் அனுமதிக்கப்பட்டது சாவடியில் மறுக்கப்படலாம். சட்டத்தில் தடை செய்யப்பட்டது மாலையில் சத்தமில்லாமல் நடக்கலாம். விளைவை உண்டாக்குவது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு படிகள்தாம்.

இதற்கான ஆவணங்களில் பெரும்பகுதி பொதுவில் கிடைப்பவையே. அரசிதழ் அறிவிக்கை, மேலாண்மைத் திட்டம், நிதிநிலை ஒதுக்கீடு, கூட்டக் குறிப்பு என்று போகும் பட்டியலில் புதியவர்கள் அதிகம் கவனிக்காதது தணிக்கை அறிக்கை. எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவாகாமல் திரும்பியது, நட்டதாகச் சொன்ன கன்றுகளில் எத்தனை தணிக்கையின்போது கண்ணில் பட்டன என்பதெல்லாம் அதில் வறண்ட நடையில் எழுதப்பட்டிருக்கும். எந்தப் பிரசார ஏட்டை விடவும் அது பயன்படும். கிடைக்காததை எழுதிக் கேளுங்கள். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு 1998இன் ஆர்ஹஸ் உடன்படிக்கை, லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் 2018இன் எஸ்காசு உடன்படிக்கை ஆகியவை சுற்றுச்சூழல் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பேசுகின்றன.

எதோடு ஒப்பிடுவது?

இந்தத் துறையின் முதுகெலும்பு இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சரணாலயத்துக்குள் காடு செழிப்பாக இருக்கிறது, வெளியே மொட்டையாக இருக்கிறது; ஆகவே சரணாலயம் காட்டைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. உலகெங்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் செங்குத்தான சரிவிலும், சாலையிலிருந்து தொலைவிலும், உழவுக்கு உதவாத மண்ணிலும்தான் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. யாரும் வெட்ட வராத இடத்தில் வெட்டாதே என்று பலகை வைத்தால், மரம் நிற்பதற்குக் காரணம் பலகையா, சரிவா?

கோஸ்டா ரிக்காவை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் சரிவு, மண்வளம், சாலைத் தொலைவு ஆகியவற்றில் ஒத்த, ஆனால் பாதுகாப்பில்லாத துண்டைத் தேடி ஜோடி சேர்த்தார்கள். பாதுகாப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காடுகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு அழிந்திருக்கும் என்று வந்தது. பாதுகாப்பு பலன் தந்தது உண்மை. ஆனால் உள்ளே, வெளியே என்று வெறுமனே ஒப்பிடும் பழைய முறைகள் அந்தப் பலனை 65 விழுக்காட்டுக்கும் மேல் மிகைப்படுத்திக் காட்டின. இந்த ஜோடி சேர்க்கும் முறையைத்தான் நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. எந்தெந்தக் காரணங்களால் ஓர் இடம் கொள்கைக்குத் தேர்வானது என்று தெரிந்திருந்தால் போதும். அதே காரணங்களை வைத்து ஒப்பீட்டு இடத்தையும் தேட வேண்டும்.

கொள்கைக்கு முன், பின் என்று இரண்டு காலத்துக்கும் தரவு இருந்தால் இன்னும் நல்லது. கொள்கை வந்த ஊரில் முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து, வராத ஊரில் அதே காலத்தில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்துவிட வேண்டும். மழை பொய்த்தது, சந்தை விலை சரிந்தது போன்ற பொதுவான காரணங்கள் இரண்டு ஊருக்கும் ஒன்றாதலால் கழிந்துபோகும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கொள்கைக்கு முன்பே இரண்டு ஊரும் ஒரே போக்கில் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். அதை வரைபடமாக வரைந்து காட்டாமல் முடிவைச் சொல்லும் கட்டுரைகளைக் கண்டால் ஓர் அடி தள்ளி நின்று படியுங்கள்.

குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரிக்கும் பரிசோதனை இந்தத் துறையில் அபூர்வம். உகாண்டாவில் நடந்த ஒன்று 2017இல் வெளியானது. 121 ஊர்களில் பாதியளவு ஊர்களில் மட்டும், காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உடைமையாளர்களுக்குப் பணம் தந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பணம் பெற்ற ஊர்களில் மரப்பரப்பு 4.2 விழுக்காடு குறைந்தது. பெறாத ஊர்களில் 9.1 விழுக்காடு. ஒப்பீட்டு ஊர்கள் இல்லாமல் பார்த்திருந்தால், பணம் கொடுத்தும் காடு குறைந்ததே, திட்டம் தோற்றது என்று யாரேனும் எழுதியிருப்பார்கள். அமைச்சகங்கள் குலுக்கலுக்கு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் பெரும்பாலும் ஜோடி சேர்ப்பும் கழித்தலும்தான் உங்களுக்கு வாய்க்கும்.

தவிர்த்த கார்பன் உமிழ்வைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் கிரெடிட் திட்டங்களில் இந்த ஒப்பீடே வணிகப் பொருள். "நாங்கள் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும்" என்று திட்டம் நடத்துபவர் ஓர் அடிக்கோடு, அதாவது ஒப்பிடுவதற்கான அடிப்படை மதிப்பீடு, வரைகிறார்; அதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் கிரெடிட்டாக விற்பனைக்கு வருகிறது. கோடு எவ்வளவு பயங்கரமாக இருக்கிறதோ அவ்வளவு வருமானம். ஆறு நாடுகளில் 26 திட்ட இடங்களைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை; குறைத்தவையும் தாங்கள் சொல்லிக்கொண்டதைவிட மிகக் குறைவாகவே குறைத்திருந்தன. இப்படிப்பட்ட திட்டத்தை ஆராயப் போகிறவர்கள் திட்ட ஆவணத்தில் முதலில் திறக்க வேண்டியது அடிக்கோடு எப்படி வரையப்பட்டது என்று சொல்லும் பகுதியைத்தான். முன்னுரையிலிருக்கும் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கசிவையும் மறந்துவிடாதீர்கள். இங்கே வெட்டுவது நின்றால், வெட்டுபவர் பக்கத்துக் காட்டுக்கோ பக்கத்து நாட்டுக்கோ போயிருக்கலாம். 1987 முதல் 2006 வரை வியட்நாமில் காடு மீண்டும் வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் 39 விழுக்காட்டுக்கு ஈடான காடழிப்பு, மர இறக்குமதி வழியாக வேறு நாடுகளுக்கு இடம்பெயர்ந்தது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் ஒப்பீட்டு ஊர் கொள்கை எல்லைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் கசிவு அங்கேதான் வந்து சேரும். அப்போது அது ஒப்பீட்டு ஊர் அல்ல, பாதிக்கப்பட்ட ஊர்.

வானிலிருந்து பார்ப்பது

சுற்றுச்சூழல் பக்கத்துக்கு இன்று தரவுப் பஞ்சம் இல்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்த படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015இலிருந்து 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கின்றன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட, 2000ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் உலக மரப்பரப்பு வரைபடம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் எல்லைகளுக்கு உலகளாவிய தரவுத்தளம் ஒன்றை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மையமும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமும் பராமரிக்கின்றன. கணினி ஒன்றும் இணையமும் இருந்தால் ஒரே மாலையில் வண்ண வரைபடம் போட்டுவிடலாம். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த உலக வரைபடத்தில் மரப்பரப்பு என்றால் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த தாவரம், அவ்வளவுதான். பழைய மழைக்காடும் மரம். நேற்று நட்டு இன்று ஓங்கி நிற்கும் யூகலிப்டஸ் தோப்பும் மரம். ரப்பர் தோட்டத்தில் வயதான மரங்களை வெட்டி மறுநடவு செய்தால் அது இழப்பாகப் பதிவாகும்; புல்வெளியில் அந்நிய மரம் பரவினால் அது வளமாகத் தெரியும். அந்த வரைபடத்துக்குப் பயன்படும் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். கிளை கழித்து விறகெடுப்பதும், ஒரு பெருமரத்தை மட்டும் சாய்ப்பதும் அதில் பெரும்பாலும் படாது. கணக்கிடும் முறையும் இடையில் மேம்படுத்தப்பட்டிருப்பதால், பழைய ஆண்டுகளின் எண்ணையும் புதிய ஆண்டுகளின் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது.

இமாசலப் பிரதேசத்தின் காங்ராவில் பல பத்தாண்டுகளாக நடந்த மரம் நடும் திட்டங்களைப் பற்றி 2021இல் வந்த ஆய்வு இங்கே நல்ல பாடம். நடவுகளால் மரக்கவிகை, அதாவது மரங்களின் கிளையும் இலையும் மூடும் பரப்பு, குறிப்பிடும்படி கூடவில்லை. அதைவிட முக்கியமாக, தீவனத்துக்கும் விறகுக்கும் மக்கள் விரும்பும் அகன்ற இலை மரங்களின் பங்கு குறைந்திருந்தது. இந்த இரண்டாவது செய்தி வானத்திலிருந்து பார்த்தால் தெரிவதல்ல. ஆகவே படத்தில் பச்சையாகத் தெரிந்த இடங்களில் சிலவற்றையாவது குலுக்கலில் தேர்ந்து நேரில் போய் நின்று பாருங்கள். என்ன மரம், என்ன வயது, யார் பயன்படுத்துகிறார் என்ற மூன்றும் கையேட்டில் இருக்கட்டும். நீங்கள் போக விரும்பும் இடங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாலையோரம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆய்வாளர்கள் ஏராளம்.

ஆட்களிடம் கேட்பது

சமூக விளைவு என்றவுடன் எல்லோருக்கும் வருமானம்தான் நினைவுக்கு வரும். இடம்பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்த மைக்கேல் செர்னியா எட்டு வகை அபாயங்களை வரிசைப்படுத்தினார்: நிலம் போவது, வேலை போவது, வீடு போவது, ஒதுக்கப்படுவது, உணவு நிச்சயமில்லாமல் ஆவது, நோயும் சாவும் கூடுவது, பொதுச் சொத்தின் மீதான பிடி போவது, உறவு வலைகள் சிதறுவது. யாரும் வீட்டை விட்டுப் போகாத கொள்கைக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும். காட்டுக்குள் போகும் வழி மூடப்பட்டால் வீடு அதே இடத்தில் இருக்கும். ஆனால் பட்டியலில் பாதி நடந்துவிடும். கேள்வித்தாள் தயாரிக்கும்போது இந்த எட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதை விட்டுவிட்டோம் என்று பாருங்கள்.

"சரணாலயத்தால் உங்களுக்குப் பாதிப்பு உண்டா?" என்று நேரடியாகக் கேட்காதீர்கள். நிவாரணம் வரப்போகிறது என்று நினைப்பவர் உண்டு என்பார். துறைக்கு வேண்டியவர் இல்லை என்பார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நேற்று அடுப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தார்? போய்வர எவ்வளவு நேரம் ஆனது? அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டு எங்கே போவீர்கள்? கொள்கையின் பெயரே வராமல் அதன் விளைவு வெளியே வந்துவிடும். ஆண்டு எண்ணைச் சொல்லிக் கேட்டால் நினைவு தடுமாறும். வெள்ளம், தேர்தல், மூத்த பிள்ளை பிறந்த வருடம் என்று அவரவர் வாழ்க்கையில் ஊன்றிய குறிகளைப் பிடித்துக் கேளுங்கள்.

காட்டிலிருந்து கிடைப்பது பருவத்துக்குப் பருவம் மாறும். பன்னாட்டு வனவியல் ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஒரு பெரிய ஆய்வில், 24 நாடுகளில் ஏறத்தாழ 8,000 குடும்பங்களிடம் காலாண்டுக்கு ஒருமுறை வருமானம் கேட்டார்கள். காடும் பிற இயற்கை நிலங்களும் தருவது குடும்ப வருமானத்தில் சுமார் 28 விழுக்காடு என்று வந்தது. ஆண்டுக்கு ஒரே முறை போய்க் கேட்டிருந்தால் அந்தப் பங்கில் எவ்வளவு விட்டுப்போயிருக்கும் என்று யோசியுங்கள். தேன், காளான், கிழங்கு, தீவனம் எல்லாம் விற்றால்தான் வருமானம் என்று பதில் சொல்பவரே நினைப்பார். தின்றதையும் சேர்த்துக் கேட்க வேண்டியது நம் வேலை.

யாரிடம் கேட்கிறோம் என்பது அடுத்தது. குடும்பத் தலைவர் என்று பட்டியலில் இருப்பவர் ஆண். விறகும் தண்ணீரும் தீவனமும் கொண்டுவருபவர் பெரும்பாலும் அவர் அல்ல. உத்தராகண்டின் கார்பெட் பகுதியில் விலங்குகளைக் கண்காணிக்க வைத்த தானியங்கிக் கேமராக்களைப் பற்றி 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குப் போகும் பெண்கள் அந்தக் கேமராக்களின் பார்வையில் விழுந்தார்கள். அது அவர்களைக் கண்காணிக்கவும் அச்சுறுத்தவும் பயன்பட்டது. முன்பெல்லாம் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் போனவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சத்தமில்லாமல் போனால் யானையும் புலியும் எதிர்பாராமல் எதிரே வரும் ஆபத்து கூடும். எந்த வருமானக் கேள்வித்தாளிலும் இது விழாது. பெண்களோடு தனியாக, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே, அவசரமில்லாமல் பேசியதால் கிடைத்தது இது. ஆய்வுக் குழுவில் ஒரு பெண்ணாவது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

காலநிலைத் திட்டங்களில் பாதிக்கப்பட்டோரின் பட்டியலே சிக்கல். கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்கா இருக்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமல் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். நல்ல ஏற்பாடு என்று பலரும் பாராட்டினார்கள்; பட்டா வைத்திருந்தவரைப் பொறுத்தவரை அதில் உண்மையும் உண்டு. ஆனால் குத்தகைப் பணம் பத்திரத்தில் பெயர் இருப்பவருக்குத்தான் வரும். அதே வயலில் களை எடுத்தவருக்கும், அறுவடைக்குப் பின் ஆடு மேய்த்தவருக்கும் பத்திரத்தில் இடம் இல்லை. திட்ட அலுவலகம் கொடுக்கும் பயனாளிப் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால் இவர்களில் ஒருவரைக்கூடச் சந்திக்காமலே ஆய்வை முடித்துவிடுவீர்கள். வீடு வீடாகப் போய் உங்கள் பட்டியலை நீங்களே தயாரியுங்கள். இடம்பெயர்ந்து போனவர்களையும் விசாரியுங்கள். அதிகம் இழந்தவர்தான் பெரும்பாலும் முதலில் ஊரை விட்டுப் போயிருப்பார்.

மக்களிடம் பாதிப்புகளை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள், காரணத்தையும் கேளுங்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் உண்ணிச்செடி என்னும் அந்நியப் புதர் காடெங்கும் பரவியதற்குச் சோலிகர் பழங்குடியினர் தெளிவான காரணம் சொன்னார்கள்: கோடை முற்றுமுன் தாங்கள் இட்டுவந்த மெல்லிய சருகுத் தீயைத் தடை செய்ததுதான். சூழலியலாளர்கள் அதைக் கருதுகோளாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஊர்ப் பெரியவரோடு காட்டில் ஒரு நடை, தரையில் சுண்ணாம்பால் வரைந்த ஊர் வரைபடம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் காரணங்களைக் கதை என்று ஒதுக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்றுகளாக எழுதிக்கொள்ளுங்கள். சோதனையில் தோற்றால் அதையும் எழுதுங்கள்.

சட்டம் தடுப்பதைப் பற்றிக் கேட்கும்போது

வேட்டை, மரம் வெட்டல், தடை செய்த வலை போன்றவற்றை "நீங்கள் செய்கிறீர்களா?" என்று கேட்டால் உண்மை வராது. வந்தாலும் உங்கள் கையேட்டில் அது ஒரு வழக்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கும். இதற்குப் பகடை முறை உதவும். பதில் சொல்பவர் உங்களுக்குக் காட்டாமல் பகடையை உருட்டுகிறார். 1 விழுந்தால் எதுவானாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும்; 6 விழுந்தால் எதுவானாலும் "இல்லை"; மற்ற எண்களுக்கு உண்மை. ஒருவர் ஆம் என்றால் அது பகடையின் ஆமா, அவருடைய ஆமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டுக் கணக்கு தெரியும். 300 பேரில் 90 பேர் ஆம் என்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகடை காரணமாகச் சொன்னவர் ஏறத்தாழ 50 பேர். எஞ்சிய 40 பேர், உண்மை சொல்ல வேண்டிய 200 பேரிலிருந்து வந்தவர்கள். ஆக 20 விழுக்காடு. விதியை முதலில் தீங்கில்லாத ஒரு கேள்வியில் பழக்கிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பகடை என்ன காட்டினாலும் "இல்லை" என்பார்கள். மாதிரி சிறியதாக இருந்தால் இந்த முறை தரும் விடை மிகவும் ஆடும். நூறு பேருக்குக் குறைவென்றால் நான் இதைக் கையிலெடுக்க மாட்டேன்.

அனுமதி யாரிடம்?

துறை அனுமதி கிடைத்துவிட்டது என்று வனக்காவலரின் ஜீப்பில் ஊருக்குள் போய் இறங்கினால், அன்றே உங்கள் ஆய்வு பாதி கெட்டுவிட்டது. அதன்பின் வரும் பதில்கள் ஜீப்பைப் பார்த்துச் சொல்லப்படுபவை. அலுவலக அனுமதி வேறு, ஊரின் ஒப்புதல் வேறு. பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனம் முன்கூட்டிய, வற்புறுத்தலற்ற, விவரம் அறிந்த ஒப்புதலைப் பேசுகிறது. அது அரசுகளுக்குச் சொன்னதுதான்; ஆய்வாளருக்கும் அது குறைந்தபட்ச அளவுகோல். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களை ஆராய வருவோருக்கென ஒரு நெறிமுறையையே வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்பவற்றோடு, தாங்கள் முடிவெடுக்கும் முறைப்படியே அனுமதி கேட்டு வர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஓரிரு பக்கத்தில் அடங்கும் அந்த நெறிமுறையைக் களத்துக்குப் போகுமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஊர் வேண்டாம் என்று சொல்லலாம். நேரம் வேண்டும் என்றும் சொல்லலாம். கால அட்டவணையில் அதற்கு இடம் வைத்திருப்பதுதான் உண்மையான மரியாதை.

சராசரியைப் பிரித்துப் பாருங்கள்

இரண்டு பக்கத் தரவும் கைக்கு வந்த பிறகு, சராசரி ஒன்றைச் சொல்லி முடித்துவிடும் ஆசை வரும். கோஸ்டா ரிக்காவிலும் தாய்லாந்திலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஒட்டிய சமூகங்களில் வறுமை குறைந்தது என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. பூங்கா என்றாலே ஏழ்மை என்று சொல்லிவந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. பிறகு 2014இல், கோஸ்டா ரிக்காவில் அந்தக் குறைவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சுற்றுலா வாய்ப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இந்த இரண்டாவது ஆய்வுதான் நமக்குப் பயன்படுவது. சுற்றுலாப் பயணி வராத, சாலை போகாத காப்புக்காட்டில் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது என்று அது சொல்லாமல் சொல்கிறது. ஏன் நடந்தது என்பது தெரியாமல், நடந்ததை மட்டும் அளந்த முடிவு இன்னொரு இடத்துக்குப் போகாது.

எனவே நில உடைமை, பாலினம், சாதி அல்லது இனம், எல்லையிலிருந்து தொலைவு எனப் பிரித்துப் பிரித்துப் பாருங்கள். ஆனால் எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதித் தேதியிட்டு வைத்துவிடுங்கள். முப்பது விதமாக வெட்டிப் பார்த்தால் ஏதோ ஒன்றில் பரபரப்பான முடிவு கிடைத்தே தீரும்.

எழுதும்போதும் எழுதிய பிறகும்

விளைவு எதுவும் தெரியவில்லை என்றால், விளைவே இல்லை என்று எழுதாதீர்கள். உங்கள் மாதிரியின் அளவுக்கு எவ்வளவு சிறிய மாற்றம் வரை பிடிபட்டிருக்கும் என்பதைச் சொல்லுங்கள். நிதி யார் கொடுத்தார், களத்துக்கு யார் அழைத்துச் சென்றார் என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே போடுங்கள். கொள்கையை வகுத்த துறையே நிதி கொடுத்திருந்தால் ஆய்வு கெட்டது என்று பொருளல்ல. படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தரவைப் பொதுவில் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் வீடுகளின் ஜிபிஎஸ் இடக்குறிப்பையும், அரிய தாவரமோ விலங்கோ இருக்கும் இடத்தின் துல்லியத்தையும் நீக்கிவிட்டு வையுங்கள். பெயரை நீக்கினால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். முப்பது வீட்டு ஊரில் "ஐம்பது வயது விதவை, இரண்டு ஏக்கர், மூன்று மாடு" என்று எழுதினால் அது பெயர் எழுதியதற்குச் சமம். பழங்குடித் தரவுகளுக்கு 2019இல் வகுக்கப்பட்ட கேர் கோட்பாடுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: கூட்டு நலன், தரவின் மீது மக்களின் அதிகாரம், பொறுப்பு, அறம். அதாவது அந்தத் தரவை யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் அவர்களுக்குச் சொல் உண்டு.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் முடிவுகளை ஊரில் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். சுருக்கத்தை மட்டும் வாசித்து எழுந்துவிடாமல் எண்களையும் வரைபடத்தையும் விரித்து வையுங்கள். "இந்த ஓடை இந்தப் பக்கம் ஓடாது", "அந்த வருடம் விறகு கிடைக்காததற்குக் காரணம் தடை இல்லை, பாலம் உடைந்தது" என்று யாராவது சொல்வார்கள். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். ஒப்புக்கொள்ள முடியாத ஆட்சேபத்தை அவர்கள் சொன்னபடியே கட்டுரையில் சேர்த்து, நீங்கள் ஏன் வேறாக நினைக்கிறீர்கள் என்பதை அதன் கீழே எழுதுங்கள். ஒரு பிரதி ஊரில் இருக்கட்டும், இன்னொன்று துறை அலுவலகத்துக்குப் போகட்டும். இரண்டும் ஒரே பிரதியாக இருக்க வேண்டும்.